பப்பாளிக் காம்பு

வந்த இரண்டு நாளும் கிழக்கு வெளுப்பதற்குள் திறந்துவிட்ட இரும்புக் கதவு அன்று வெயில் ஏறியும் திறக்கவில்லை. நெல் கிடங்குக்குள் பதினான்கு பேர் இருந்தார்கள். பதின்மூன்று பேர் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சேவுகன் மட்டும் படுத்திருந்தான்.

அவன் தலைமாட்டில் அம்சம் இருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். விடியற்காலையில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்ததும், கதவைத் தட்டியதும், யாரும் திறக்காமல் மூலையில் அடுக்கியிருந்த சாக்குகளுக்குப் பின்னால் போனதும் அவளுக்கு ஒரு கெட்ட கனவு போல இருந்தது. அதற்குப் பிறகு அவன் எத்தனை தடவை போனான் என்று அவள் எண்ணவில்லை. இப்போது அவனால் எழுந்திருக்கவே முடியவில்லை. வாந்தியும் பேதியும் படுத்த இடத்திலேயே போயின. கிடங்கின் பழைய நெல் வாசனைக்கு மேலே இன்னொரு வாசனை ஏறிக்கொண்டிருந்தது.

"தண்ணி" என்றான்.

அம்சம் பானையைப் பார்த்தாள். அவர்களை அறுப்புக்கு அழைத்து வந்த மேஸ்திரி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"காட்டாத. உள்ள போறது பூராம் வெளிய வருதுல்ல? வாயக் கட்டுனாத்தான் நிக்கும்."

அவர்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது. அம்சம் முந்தானையின் நுனியை நனைத்து அவன் உதட்டில் மட்டும் ஒற்றினாள். அவன் அந்தத் துணியைப் பல்லால் கவ்விக்கொண்டான். பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது.

கமுதிக்குத் தெற்கே இரண்டு வருடமாக மழை இல்லாத ஊர் அவர்களுடையது. தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்கு ஆள் வேண்டும், ஒரு மாத வேலை, ஆளுக்கு இரண்டு மூட்டை நெல் என்று மேஸ்திரி வந்து சொன்னார். மருதங்கால் பண்ணையில் உள்ளூர் ஆட்கள் கலம் நெல்லுக்கு ஒரு படி கூடுதல் கூலி கேட்டு அரிவாளைக் கீழே போட்டுவிட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதும் தெரியாது. தார்ப்பாய் போர்த்திய லாரியில் வந்தார்கள். தார்ப்பாயின் கிழிசலில் கண்ணை வைத்து அம்சம் வழியெல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் தண்ணீர். காவலுக்கு ஆள் இல்லாமல், யாரும் முறை வைத்துக் காத்திருக்காமல், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர். அவர்கள் ஊரில் கண்மாய்க்குள் குழி தோண்டி, ஊறும்வரை உட்கார்ந்திருந்து, கொட்டாங்கச்சியால் மோந்து குடத்தை நிரப்ப ஒரு காலைப்பொழுது ஆகும்.

வந்த அன்று சாயங்காலம் ஒரு பாலத்தின் மேல் லாரி நின்றதும் அவள் இரண்டு பானைகளையும் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். நான்கு எட்டில் தண்ணீர்; முக்கியதும் பானைகள் நிரம்பிவிட்டன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேலே வந்து சேவுகனிடம் நீட்டினாள்.

"காவேரி மச்சான். குடி."

அவன் ஒரே மூச்சில் பாதிப் பானையைக் குடித்தான். மற்றவர்கள் பண்ணையாள் தள்ளுவண்டியில் கொண்டுவந்த அடிபம்புத் தண்ணீரைக் குடித்தார்கள். அந்த இரண்டு நாளும் அப்படித்தான். சேவுகனுக்கு மட்டும் காவேரி; சாயங்காலம் பாலத்துக்குப் போய் அவள் பானைகளை மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்தாள். இன்று தள்ளுவண்டி வரவில்லை. காலையிலிருந்து எல்லோருமே அம்சத்தின் பானைகளில்தான் மோந்துகொண்டிருந்தார்கள்.

கதவு ஏன் திறக்கவில்லை என்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கிடங்குக்கு ஒரே ஜன்னல். நெஞ்சு உயரத்தில், மரச்சட்டம் போட்டு, பெருச்சாளி புகாதபடி கனத்த கம்பிவலை அடித்திருந்தார்கள். வலைக்கண்ணில் இரண்டு விரல் போகும். அதன் வழியாகப் பார்த்தால் சின்னச் சின்னச் சதுரங்களாக உலகம் தெரிந்தது. ஒரு சதுரத்தில் முற்றிச் சாய்ந்த கதிர். ஒரு சதுரத்தில் சிவப்புக் கொடி. மற்ற எல்லாச் சதுரங்களிலும் மனிதர்கள். நூறு பேருக்குக் குறையாது. ஆண்கள் வடக்கே கதவோரமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தெற்கே, ஜன்னல் பக்கம். புங்க மரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள்.

"கதவத் திறங்கய்யா! ஆளு சாகக் கெடக்கு!" என்று மேஸ்திரி வலைக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினார்.

வெள்ளைத் துண்டு போட்ட ஒருவர் எழுந்து வந்தார். சங்கத்தின் செயலாளர்.

"சாவி எங்ககிட்ட இல்ல. ராத்திரி பூட்டுனது பண்ணைக் காரியஸ்தர் வாஞ்சிநாதன். சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, காலையில எங்களப் பாத்ததும் அந்த வரப்போட திரும்பி டவுனுக்குப் போயிட்டாரு."

"அப்ப ஒடைங்க!"

"ஒடைச்சா கிடங்குக் கொள்ளைன்னு கேஸ் போடுவாரு. அதுக்குத்தானே இந்தப் போலீஸ்காரங்க ரெண்டு பேரையும் குந்த வெச்சிட்டுப் போயிருக்காரு? கூலிச் சட்டம் பேப்பர்ல வந்துடுச்சு, களத்துக்குத்தான் இன்னும் வரல. கேஸு மட்டும் உடனே வந்துடும்." பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினார். "நீங்க ஊருக்கு வண்டி ஏறுறோம்னு சொல்ற வரைக்கும் உள்ள ஒண்ணும் போகாது. சோறும் கிடையாது, தண்ணியும் கிடையாது. இது சங்கத்து முடிவு."

அவர் போய்விட்டார். மேஸ்திரி உட்கார்ந்து தன் அரிவாளைத் துண்டில் சுற்றினார்.

கொஞ்ச நேரம் கழித்து வலைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் வந்தது. நாற்பது வயது இருக்கும். மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தாள்.

"உள்ள யாரு வாந்தி எடுக்குறது?"

மேஸ்திரி பேசாதே என்று சைகை காட்டினார்.

"ஏ பொண்ணே, உன்னத்தான். கண்ணு தெரியுது, வாயி இல்லையா?"

"எங்க வீட்டுக்காரரு."

"வயித்தால போறது எப்படி இருக்கு?"

அம்சத்துக்கு வெட்கமாக இருந்தது. "அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "கை விரலப் பாரு. நாள் பூரா நாத்து நட்ட விரலு மாதிரி சுருங்கிக் கெடக்கா?"

அம்சம் நாற்று நட்டதில்லை. ஆனாலும் சேவுகனின் விரலைப் பார்த்ததும் அவள் என்ன கேட்கிறாள் என்று புரிந்தது. "ஆமா."

"தண்ணி குடுத்தியா?"

"குடுக்கல. குடுத்தா இன்னும் போகும்ல?"

"அடிப் பாவி! அது காலராடி. போற தண்ணிக்கு மேல தண்ணி ஊத்தணும். இல்லேன்னா காஞ்சே செத்துப்போவான்." அவள் திரும்பி ஓடினாள். ஓடும்போதே யாரிடமோ சொன்னாள்: "மூஸா பாய்க்கு ஆள் அனுப்புங்க, சைக்கிள எடுக்கச் சொல்லு! அடுப்பு மூட்டு! நொய்யக் கஞ்சியா வேக வெச்சு உப்புப் போடு!"

அவள் பெயர் வேம்பு என்பது அதற்குப் பிறகு நடந்த சண்டையில் அம்சத்துக்குத் தெரிந்தது. செயலாளர் வந்து நின்றார்.

"வேம்பு, என்ன பண்ற நீ? நேத்து சங்கக் கூட்டத்துல நீயும்தானே கை தூக்குன?"

"தூக்குனேன். அப்ப காலரா இல்ல."

"இவங்க நம்ம சோத்துல கை வெக்க வந்தவங்க."

"ஐப்பசியில நம்ம தெருவுல பதினோரு வீட்டுல இதே காலரா விழுந்துச்சே, அப்ப மூஸா பாய் கடைய மூடிட்டு உப்பையும் பாட்டிலையும் தூக்கிக்கிட்டு ஓடியாந்தாரு. நம்ம யாரு சோத்துல கை வெச்சிருக்கோம்னு கேட்டாரா? வீடு வீடா என்னைக் கஞ்சி ஊத்த வெச்சது அவருதான். அந்தக் கையி சும்மா இருக்க மாட்டேங்குது, நான் என்ன பண்ண?"

"அது நம்ம சனம்."

"சரி, விடுங்க. இவன் செத்தா பொணத்த யாரு மேல எழுதுவாரு வாஞ்சிநாதன்? பூட்டுனவரு மேலயா, சுத்திக் குந்தியிருக்குற நம்ம மேலயா?"

செயலாளர் வெகு நேரம் துண்டை உதறினார். கடைசியில், "நான் வடக்குப் பக்கம் போறேன். தெக்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"தெரியாமயே இருக்கட்டும். போங்க."

கஞ்சி வந்தது. ஆனால் வலைக்கண் வழியாகக் குவளை நுழையவில்லை. துணியை நனைத்துத் திணித்தார்கள். வந்து சேர்ந்தது ஐந்தாறு சொட்டு. யாரோ ஒருத்தி தெருவுக்கு ஓடிப்போய்க் கை நீளத்துக்கு ஒரு பப்பாளி இலைக் காம்பை ஒடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் தண்ணீரில் விட்டு ஊதி விளையாடுகிற காம்பு. அது வலைக்கண்ணில் சரியாக நுழைந்தது. வேம்பு அந்த முனையில் புனல் போல வாழையிலையைச் சுருட்டி வைத்துக் கஞ்சியை ஊற்றினாள். அம்சம் இந்த முனையை முதலில் தன் வாயில் வைத்துப் பார்த்தாள்.

கசந்தது. நாக்கு சுரீர் என்றது. துப்பிவிட்டாள்.

"வெசம்!" என்றார் மேஸ்திரி, காத்திருந்தவர் போல. "பேச்சுக் குடுக்காதன்னு நான் அப்பவே சைகை காட்டுனேன்ல."

கிடங்கு முழுவதும் எழுந்து நின்றது. நிற்கத்தான் முடிந்தது. ஓட இடம் இல்லை. கதவுக்கு வெளியே அவர்கள், ஜன்னலுக்கு வெளியே அவர்கள், வாய்க்குள் வருவதும் அவர்களுடையது. அம்சத்துக்குச் சுவர்கள் ஒரு சாண் உள்ளே நகர்ந்தது போலிருந்தது.

வெளியே வேம்பு திகைத்து நின்றாள். பிறகு காம்பை உருவி, அம்சத்தின் எச்சில் பட்ட முனையைத் தன் வாயில் வைத்து, மிச்சக் கஞ்சியை உறிஞ்சிக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"பப்பாளிப் பாலுடி. அவசரத்துல அலசாம வந்துட்டா. கசக்கும், கொல்லாது." திரும்பி, "அடியே, கொதிக்குற தண்ணியில போட்டு எடுங்கடி, அறிவுகெட்டவளுங்களா!" என்று கத்தினாள்.

அடுத்த காம்பு கசக்கவில்லை. இரண்டு ஆண்கள் சேவுகனைத் தூக்கி ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தார்கள். முதல் வாய் வெளியே வந்தது. இரண்டாவதும் வந்தது. "வந்தா வரட்டும், நீ ஊத்திக்கிட்டே இரு" என்றாள் வேம்பு. ஐந்தாவது வாய் நின்றது.

மூஸா சைக்கிளில் வந்து சேர்ந்தார். மெலிந்த ஆள். ஒரு காலத்தில் கம்பவுண்டராக இருந்து இப்போது மெயின் ரோட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஊரில் நோய் வந்தால் கடைத்தெருவில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வலை வழியாகச் சேவுகனின் கண்ணைப் பார்த்தார். விரல்களை வலைக்குள் நீட்டி அவன் நாடியைத் தேடினார்.

"ஒண்ணுக்குப் போனாரா?"

"இல்ல, வயித்தாலதான்..."

"அது இல்லம்மா. ஒண்ணுக்கு. மூத்திரம்."

"விடிஞ்சதுலேருந்து இல்ல."

மூஸா உதட்டைக் கடித்துக்கொண்டார். "எந்தத் தண்ணி குடிச்சாரு?"

"காவேரித் தண்ணி" என்றாள் அம்சம்.

"எந்தக் காவேரி?"

"பாலத்துக்குக் கீழ ஓடுதே. நானே மோந்தேன்."

வெளியே எவளோ களுக்கென்று சிரித்தாள். வேம்பு திரும்பி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் வலைக்கு அருகில் வந்து, கெட்ட செய்தி சொல்கிற குரலில் மெதுவாகச் சொன்னாள்.

"அது வடிகாலும்மா. நாலு ஊரு வயலு வடிஞ்சு, கொல்லைக்குப் போற கரையெல்லாம் கழுவிக்கிட்டு வர்ற தண்ணி. நாங்க அதுல கால் கழுவ யோசிப்போம். மாட்டக்கூட அதுல எறக்க மாட்டோம்."

ஓடுகிற தண்ணீரில் நல்லது கெட்டது உண்டு என்று அம்சத்துக்கு யாரும் சொன்னதில்லை. அவள் ஊரில் ஓடுகிற தண்ணீரே கிடையாது. 'காவேரி மச்சான். குடி' என்று தான் சொன்ன குரல் அவளுக்கே மறுபடியும் கேட்டது.

"அந்தத் தண்ணி இன்னும் இருக்கா?" என்று கேட்டார் மூஸா.

"ஒண்ணரைப் பானை இருக்கு."

"வேற யாரும் குடிச்சாங்களா?"

அம்சம் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"கொட்டிடும்மா. ஒரு சொட்டு இல்லாம."

அவள் பானையைத் தூக்கியபோது மேஸ்திரி குறுக்கே வந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை. பதின்மூன்று பேரை அழைத்து வந்து ஒரு பெட்டியில் மாட்டிவிட்ட பயம் அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது.

"யோசிச்சுப் பாரு, ஆத்தா. இருக்குறது இந்தத் தண்ணிதான். இதையுங் கொட்டிட்டு நின்னா, அவங்க அந்தக் காம்ப உருவிக்கிட்டுப் போயிட்டா? சாயங்காலம் நாக்கு வறண்டு, ஊருக்கே போறோம் சாமின்னு கும்பிடுவோம். அதுக்குத்தான் இந்தக் கருணையெல்லாம்."

அம்சம் ஜன்னலைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க போயிட மாட்டீங்கள்ல?"

வேம்பு காம்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"போவேன். சாயங்காலம் எம் பொண்ணுக்குச் சோறாக்கணும். நான் போனா சரோசா நிப்பா. அவ போனா இன்னொருத்தி. ஐப்பசியில அப்படித்தான் மாத்தி மாத்தி நின்னோம். யாராச்சும் இருப்போம். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

சத்தியம் பண்ணியிருந்தால் ஒருவேளை அம்சம் நம்பியிருக்க மாட்டாள். சோறாக்கப் போவேன் என்றதால் நம்பினாள். மேஸ்திரியின் கையைத் தட்டிவிட்டுப் பானையைக் கவிழ்த்தாள். அடுத்ததையும் கவிழ்த்தாள். தண்ணீர் தரையில் பரவி, சாக்குகளை நனைத்து, இரும்புக் கதவின் அடியில் புகுந்து வெளியே போனது. வெளியே உட்கார்ந்திருந்த ஆண்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடும் சத்தம் கேட்டது. அன்று விடிந்ததிலிருந்து அந்தக் கிடங்கைவிட்டு வெளியே போனது அது ஒன்றுதான்.

அதன்பிறகு காம்பின் முனையில் வரிசையாக வாய் வைத்தார்கள். இன்னொரு காம்பு வந்தது, இன்னொன்றும் வந்தது. உள்ளே ஒரு கிழவிக்கும் வயிறு கலக்க ஆரம்பித்திருந்தது. சேவுகனின் கண்கள் குழிக்குள் போய்க்கொண்டிருந்தன. தொண்டைக்குள் கஞ்சி இறங்கும் வேகத்தைவிட அவனை விட்டுப் போகும் வேகம் அதிகமாக இருந்தது.

"இது பத்தாது" என்றார் மூஸா. "நரம்புல பாட்டில் ஏத்தணும். உச்சிக்குள்ள வெளிய எடுத்தாகணும்." புங்க மரத்தடிக்குப் போனார். "ஏட்டய்யா, உயிரு போகப் போவுது. பூட்ட ஒடைக்கலாமா?"

"தாசில்தார் உத்தரவு வரணும் பாய். வெளியேருந்து எவன் கை வெச்சாலும் கேஸ்தான். நான் என்ன பண்ண?"

"உள்ள இருக்கறவங்களே ஒடைச்சா?"

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மரத்தின் மேலே எதையோ கூர்ந்து பார்த்தார். "அதப் பத்தி எனக்கு ஒண்ணும் சொல்லி அனுப்பல."

வேம்பு அதற்குள் ஜன்னலுக்கு வந்துவிட்டாள். "பதினாலு பேரும் மடியில என்னடி வெச்சிருக்கீங்க?"

எல்லோரும் அரிவாளைப் பார்த்தார்கள். கதிரறுக்கும் அரிவாள். ரம்பம் போலப் பொடிப் பல் வைத்தது. கமுதி ஆசாரி அடித்துக் கொடுத்தது. பல்லில்தான் அதன் உயிர்.

"சட்டத்தச் சுத்திச் சுண்ணாம்புக் காரை. நோண்டுனா வரும்" என்றாள் வேம்பு.

"பல்லுப் போயிடும்" என்றார் மேஸ்திரி. யாரிடமும் இல்லாமல், சுவரிடம் சொல்வது போல. "பல்லுப் போனா அறுப்பு இல்ல. அறுப்பு இல்லேன்னா நெல்லு இல்ல. வண்டிக்கூலிக்குக்கூட வழியில்ல. ஊருக்கு என்னத்தக் கொண்டு போக?"

அம்சம் தன் அரிவாளை எடுத்துச் சட்டத்தின் கீழ் மூலையில் குத்தினாள். காரை பொடியாக உதிர்ந்தது. மறுபடியும் குத்தினாள். பல் கல்லில் உரசிய சத்தம் அவள் பல்லிலேயே கூசியது. அது தேய்ந்ததும் சேவுகனின் அரிவாளை எடுத்தாள். அப்போது அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு அரிவாள் வந்தது. அப்புறம் இன்னொன்று.

வெளியே நூறு பேரும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். செயலாளரும் வந்திருந்தார், தெற்கில் என்ன நடக்கிறதென்று தெரியாதவர். ஏட்டு பார்க்கும்படி எல்லோரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். சுவரைத் தொடக் கூடாது. வாய்க்குத் தடை இல்லை.

"மேல் மூலையில குத்து! அங்க காரை இளசு!"

"யம்மா, அது அருவா, கரண்டி இல்ல. நெம்பு, நெம்பு!"

"இடது பக்கம்யா! உன் இடது இல்ல, என் இடது!"

"போன வருசம் இந்தச் செவுத்தப் பூசுனதே நாந்தான். கூலி கம்மியாக் குடுத்தாருன்னு காரையும் கம்மியாத்தான் போட்டேன். பயப்படாம இடி!"

யாரோ சிரித்தார்கள். உள்ளேயும் ஒருவர் சிரித்தார். வேம்பு மட்டும் சிரிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த அவள் கைகள், இடிக்கிற ஒவ்வொரு இடிக்கும் துடிப்பதை அம்சம் வலை வழியாகப் பார்த்தாள். தான் உள்ளே அடைபட்டிருப்பது போலவே அவர்கள் வெளியே அடைபட்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. நடுவில் ஒரு செங்கல் அகலம்தான்.

உச்சி வெயிலில் சட்டம் அசைந்தது. ஆண்கள் இரண்டு பேர் உள்ளிருந்து உதைத்தார்கள். வலையோடு சேர்ந்து அது வெளிப்பக்கம் விழ, நூறு பேரும் தீப்பட்டது போல விலகினார்கள். சுவரில் ஒரு வானம் தெரிந்தது. சதுரம் சதுரமாக இல்லாமல், முழுசாக.

"ஏட்டய்யா, விழுற ஆளப் பிடிக்கலாமா?" என்று கேட்டார் செயலாளர்.

ஏட்டு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். அப்போதுதான் எல்லோருடைய கைகளும் அவிழ்ந்தன.

ஏணி ஒன்றில் வைக்கோல் பரப்பிச் சேவுகனைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினார்கள். முன்னால் பிடித்திருந்தவர் செயலாளர். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். மூஸாவின் ஆட்கள் திருத்துறைப்பூண்டியிலிருந்து பாட்டில்களைக் கொண்டுவந்திருந்தார்கள். கரும்பலகை ஆணியில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார் மூஸா. கிழவியையும் கொண்டுவந்து கிடத்தினார்கள். சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள். நான்கு மணிக்குச் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். நோயாளியைத் தொட்டவர்கள் ஐந்து நாளைக்குக் கயிற்றைத் தாண்டக் கூடாது என்றார்கள்.

வேம்பு கயிற்றுக்கு உள்ளே இருந்தாள். அந்தப் பக்கம் அவள் மகள் தூக்குவாளியோடு நின்றாள்.

"நான் யாருக்கோ சோறாக்குறேன், நீ எனக்கு ஆக்கிக் கொண்டாந்து நிக்கிற" என்று மகளைப் பார்த்துச் சொன்னாள் வேம்பு. "சரோசா வீட்டுல படுத்துக்க. ராத்திரி அழுது மானத்த வாங்காத." மகள் போன பிறகு அவள் வெகு நேரம் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"ஒண்ணுக்குப் போனாரா?" என்று மணிக்கொரு தரம் மூஸா கேட்டார். இல்லை என்று அம்சம் தலையாட்டினாள். நான்காவது பாட்டில். ஐந்தாவது. மூஸாவின் கேள்வி மட்டும் மாறவில்லை. பேதி நின்றுவிட்டது, நாடி கிடைக்கிறது, ஆனாலும் மூத்திரம் வந்தால்தான் சிறுநீரகம் பிழைத்தது என்று அர்த்தம், அது வராவிட்டால் நான் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் அவர்.

பொழுது சாயும் நேரத்தில் ஜீப் வந்தது. காரியஸ்தர் வாஞ்சிநாதன் கயிற்றுக்குப் பத்தடி தள்ளியே நின்று மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார். கூட வந்த போலீஸ் அதிகாரி கையில் காகிதம் வைத்திருந்தார்.

"கிடங்கு ஜன்னலை உடைச்சது யாரு? வேம்புங்கறவதான் முன்னாடி நின்னான்னு கேள்வி. வேம்பு யாரு?"

வேம்பு கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அம்சம் எழுந்தாள். பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பியில் வரிசையாக மாட்டியிருந்த அரிவாள்களில் இரண்டை எடுத்துக்கொண்டு கயிறு வரை போனாள்.

"நாங்கதான் ஒடைச்சோம். உள்ளேருந்து."

"நீ பேசாம இரும்மா. வெளியூர்க்காரி நீ. உனக்கு இங்கத்த விவகாரம் தெரியாது" என்றார் வாஞ்சிநாதன். "இவா மெரட்டிச் சொல்லச் சொல்றா. பயப்படாம சொல்லு, உன்னை வண்டி வெச்சு ஊருக்கு அனுப்பறேன்."

வண்டி. ஊர். அந்தச் சொற்களுக்கு அவள் உடம்பு ஒரு முறை சாய்ந்தது. பிறகு அரிவாள்களை நீட்டினாள். பல் ஒன்றுகூட இல்லை. இடுக்கில் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"சட்டம் வெளிப்பக்கமா விழுந்து கெடக்கு, போய்ப் பாருங்க. வெளியேருந்து இடிச்சா உள்ளதான விழுகும்? கேஸ் போடணும்னா எங்க பதினாலு பேரு மேல போடுங்க. பூட்டுனது யாருன்னும் சேத்து எழுதுங்க."

அதிகாரி வாஞ்சிநாதனைப் பார்த்தார். வாஞ்சிநாதன் இடுப்பில் சாவி இருந்த இடத்தைத் தொட்டார். பிறகு, காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள்.

மேஸ்திரி பள்ளிக்கூடத்துச் சுவரோரம் தன் துண்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு அரிவாளில் அவருடையது மட்டும் முழுப் பல்லோடு இருந்தது. கயிற்றுக்கு அப்பால் கதிர் சாய்ந்து கிடந்தது. ஒற்றை ஆள் எத்தனை நாள் அறுத்தாலும் தீராத வயல். அவர் அதை மறுபடியும் சுற்றி வைத்தார்.

மறுநாள் காலை, பிள்ளைகள் பாடம் படிக்க வருகிற நேரத்தில், சேவுகன் கண்ணைத் திறந்தான்.

"அம்சம், ஒண்ணுக்கு வருது."

அவள் எழுந்த வேகத்தில் பெஞ்சு சாய்ந்தது. தகரக் குவளையை எடுத்துப் பிடித்தாள். கொஞ்சம்தான் வந்தது. மஞ்சள் கரைத்தது போல, ஒரு கை அளவு. அவள் அதைத் தளும்பாமல் இரண்டு கையாலும் மூஸாவிடம் எடுத்துக்கொண்டு போனாள். மூஸா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்கிவிட்டார்.

"பாத்தியா, வந்துடுச்சு உன் காவேரி" என்றாள் வேம்பு. முதல் முறையாகச் சிரித்தாள்.

அம்சமும் சிரிக்க முயன்றாள், அழுகைதான் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வேம்பு நீட்டிய குவளையை வாங்கினாள். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தி, அதற்குள் பார்த்தாள்.

"பம்புத் தண்ணி. கொதிக்க வெச்சது. குடி."

குடித்தாள். கயிற்றுக்கு வெளியே, வயல்களுக்கு அப்பால், எங்கோ ஒரு மதகில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"நெசமான காவேரி எந்தப் பக்கம் இருக்கு, அக்கா?"

வேம்பு மேற்கே கையைத் தூக்கினாள். பிறகு சந்தேகமாகக் கொஞ்சம் வடக்கே நகர்த்தினாள்.

"அந்தப் பக்கம்னு சொல்லுவாங்க. இங்க வர்றதெல்லாம் அதோட விரலு, நகம். நான் இந்த ஊர விட்டுப் போனதில்ல. முழுசா நானும் பாத்ததில்ல."

கயிறு அவிழ இன்னும் நான்கு நாள் இருந்தது. வேம்பு அடுப்பில் விறகைத் தள்ளினாள். அம்சம் எழுந்து போய்க் கிழவியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கஞ்சி ஊற்ற ஆரம்பித்தாள்.